பின்கதவின் கைப்பிடி

அந்த வண்டியை ஓட்டியவன் நான்.
கதை சொல்கிறவர்கள் மாப்பிள்ளையைச் சொல்வார்கள்,
அவளைத் தோளில் தூக்கிப் போட்ட
பங்காளிகள் மூன்று பேரைச் சொல்வார்கள்.
ஓட்டுநருக்கு எந்தக் கதையிலும் பெயர் கிடையாது.

தொண்ணூற்று நான்கு, அக்டோபர்.
கோச்கோர் பேருந்து நிலையத்துக்கு எதிரே
என் பச்சை ஜிகுலி, கால் டாங்க் பெட்ரோல்.
கூலி ஓர் ஆட்டுத் தொடை, இரண்டு போத்தல் வோட்கா.
பின்கதவின் உள்கைப்பிடியை
அன்று காலையிலேயே கழற்றிவிட்டேன்.
யாரும் கழற்றச் சொல்லவில்லை.
மூன்று திருகாணி. அவ்வளவுதான் வேலை.

அவள் பெயர் பாக்திகுல்.
கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள்.
கதவு சாத்தும்போது விழுந்த நோட்டு
சாலையில் பக்கம் பக்கமாகப் புரண்டதைக்
கண்ணாடியில் பார்த்தேன்.
அவள் கத்தினாள்.
நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

அந்த வீட்டுத் திரைக்குப் பின்னால்
வெள்ளைத் துணியோடு ஐந்து பெண்கள்.
"நாங்களும் அழுதுகொண்டேதான் வந்தோம்" என்றார்கள்.
ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்கள்.
இரவில் நான்கு முறை முக்காட்டைப் பிடுங்கி எறிந்தாளாம்.
விடியும்போது துணி தலையில் நின்றுவிட்டது.
நான் அதற்குள் இரண்டாவது போத்தலில் இருந்தேன்.

வழக்கம் என்றோம். மலை தோன்றிய நாள் முதல் வழக்கம்.
என் சொந்த அக்காவுக்கு மட்டும்
கம்மல் கொண்டுவந்து பூட்டி
ஒரு குளிர்காலம் முழுக்கக் குதிரைக்கு விலை பேசி
கேட்டுக் கேட்டுக் கொடுத்தோம்.
அதுவும் வழக்கம்தான்.
எது யாருக்கு என்பதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

இந்த ஜூனில் ஓர் அழைப்பு.
வெள்ளை டொயோட்டா, ஒருநாள் வாடகை, நரினில் கல்யாணம்.
பெண் செசிம், பல் மருத்துவம் முடித்தவள்.
பையனை விடுதி மொட்டைமாடியில் அவளே பார்த்து
அவளே பேசி
அவளே வீட்டில் சொன்னாளாம்.
சீர்ப்பணம் கைபேசியில் வந்து விழுந்தது.
உணவகக் கடன் எட்டு வருஷத் தவணை
(அதில் மட்டும் பழைய காலமே மலிவு).

வீடியோக்காரப் பையன் சொன்னான்:
"அண்ணே, பழைய பாணியில் ஒரு ஷாட்.
நண்பர்கள் பெண்ணைத் தூக்கி வண்டியில் போடுவார்கள்,
நீங்கள் சர்ரென்று எடுங்கள்,
மேலிருந்து டிரோன்.
சும்மா விளையாட்டுக்கு."
பெண்ணும் சிரித்தாள்.
டிரோனைப் பார்த்து நாய்கள் குரைத்தன.
நானும் சாவியைத் திருகினேன். வாடகை வாடகைதானே.

மாடிப்படியில் பெண்ணின் அம்மா இறங்கினாள்.

முப்பது வருஷம் ஒரு முகத்தை என்னவெல்லாம் செய்யும்.
இருந்தும் கண்ணாடியில் பார்த்தவுடன் தெரிந்தது.
நான் அவளை வேறு எதிலும் பார்த்ததில்லையே.

யாரிடமும் ஒன்றும் பேசாமல்
பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.
சாத்தினாள்.
உள்ளிருந்து திறந்தாள்.
சாத்தினாள். திறந்தாள்.
மூன்றாம் முறை கைப்பிடியை இழுத்தபடியே
கொஞ்ச நேரம் இருந்தாள்.
பிறகு இறங்கி, மகளிடம், "ஏறு" என்றாள்.

செசிம் அம்மாவின் கையைப் பார்த்தாள்.
என்ன தெரியும் அவளுக்கு, எவ்வளவு தெரியும்,
எனக்கு எப்படித் தெரியும்?
"அந்த ஷாட் வேண்டாம்" என்றாள்.
உடையின் வாலைச் சுருட்டிக்கொண்டு தானே ஏறினாள்.
மாப்பிள்ளைக்கு உட்கார இடம் போதவில்லை,
முன்சீட்டுக்கு வந்தான், என் பக்கத்தில்,
வழியெல்லாம் தும்மிக்கொண்டு.

கல்யாணத்தில் பெண்ணின் அப்பா இல்லை.
ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவர்,
போனவர்தான் என்றான் சமையல்காரன்.

நள்ளிரவுக்கு மேல் வாடகை வாங்கப் போனேன்.
மேசையில் கால்குலேட்டர், நீலப் பேனா,
கோடு போட்ட நோட்டு.
பூக்காரர், ரொட்டிக்காரர், பாட்டுக்காரர்,
எல்லார் பெயரும் தொகையும் ஒரே நேர்க்கோட்டில்.
நோட்டுகளை இரண்டு தடவை எண்ணித் தந்தாள்.
நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்:
"ஓட்டுநர் பெயர்?"

சொன்னேன்.

"சரியாகக் கேட்கவில்லை.
ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள்."

து.
ர்.
து.
பெ.
க்.